ஹவில்தார் கலியபெருமாளின் கல்யாணத் தேதி

அரசாங்கக் கணக்குப்படி ஹவில்தார் கலியபெருமாள் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அதே கணக்குப்படி அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். இந்த இரண்டு செய்தியையும் ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகத் தட்டெழுத்தில் அடித்து முத்திரையும் குத்தி வைத்திருந்தார்கள். அடித்தவருக்குச் சிரிப்பு வரவில்லை, முத்திரை குத்தியவருக்கும் வரவில்லை. முதல் முறை படித்தபோது எனக்கு வந்தது. அதற்குப் பிறகு எனக்கு வந்ததெல்லாம் வேறு.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுதி, பணி ஆவணத்தில் தப்பு இருந்தால் திருத்தி வாங்கிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. விருத்தாசலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேலே மாடியில் இருந்தது. போன மாதம், இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் செல்வி போன் செய்தாள். "சார், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லிட்டாங்க. உறவுன்னு ஒரு கட்டம் இருக்குது. ஒருத்தருக்கு ஒரு உறவுக்குமேல போட்டா செவப்பா எரியுது. நம்ம பக்கத்துல ஒரே ஆளு ரெண்டு உறவா இருக்கறாங்களே, நீங்கல்லாம் என்னா பண்ணீங்க?" என்று கேட்டாள். என்ன பண்ணினோம் என்று போனில் சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பேன். எழுதித் தருகிறேன் என்றேன். இதைப் படித்து அவளுக்கு வழி கிடைக்குமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறையும்.

நான் எட்டாவது வரை படித்தவன். பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, கிளார்க் அறைக்கு டீ கொண்டுபோகிற சாக்கில் அங்கேயே நின்று, தட்டெழுத்தையும் இங்கிலீஷையும் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் இந்த அலுவலகம். முதல் சில வருஷம் கவர் ஒட்டினேன், திட்டு வாங்கினேன். பயிற்சி என்பது அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் எங்கள் அதிகாரியிடம் கற்றது. ஓய்வு பெற்ற மேஜர் அவர். குரலை உயர்த்த மாட்டார். நான் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பார். அதுவும் தன் குரலில் இல்லை. வடக்கே எங்கோ ஒரு ஆவண அலுவலகத்தில், சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா எப்படிப் படிப்பாரோ அப்படி, பாதிக் கொட்டாவியோடு படிப்பார். கொட்டாவி வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு விழும். 'தங்கள் பாதம் பணிந்து' என்று ஒரு தடவை எழுதிவிட்டேன். "அவன் சாமி இல்ல, நீ பூசாரி இல்ல. எந்தப் பக்கம், எந்த வரி, என்ன தப்பு, என்ன வேணும். நாலு வரிய தாண்டினா அவன் தூங்கிடுவான்" என்றார். அவருக்குக் கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கலியபெருமாள் கேஸ் நடந்த காலத்தில் அந்தக் கண்ணாடியில் ஒரு தூசி நின்றதில்லை.

கலியபெருமாள் எங்களிடம் வந்தது கல்யாணத்துக்காக இல்லை, பதக்கத்துக்காக.

பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மலை எல்லையில் ரேஷன் ஏற்றிக்கொண்டு போகும்போது பக்கத்தில் குண்டு விழுந்தது. சில்லு ஒன்று தொடையில் ஏறியது. லாரி பள்ளத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் எழுதியவர் குண்டை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் எழுதிக்கொண்டார்: வாகன விபத்து. சண்டையில் காயம்பட்டவர்களுக்கு ஒரு பதக்கம் உண்டு. விபத்துக்குக் கிடையாது.

"எஞ் சம்பந்தி மூஞ்சிக்கு நேராவே கேக்கறான் சார், அன்னிக்கு எவ்ளோ போட்டுட்டு வண்டி ஓட்டினீங்கன்னு" என்றார். "நான் காப்பிகூட ரெண்டாவது டம்ளரு குடிக்காதவன். வூட்ல பேரப்புள்ளைங்க இருக்குது. அதுங்க காதுல இது உழுவுது."

அவரோடு வந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி அஞ்சலை. பீங்கான் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் ஓரம் சீவி வழவழப்பாக்கும் வேலை. பாதி நாள் வேலையை விட்டு வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. "காட்டுங்க மாமா, தொடைய காட்டுங்க. தடவிப் பார்த்தா உள்ள உருளுது சார், நெல்லிக்கொட்டையாட்டம்" என்றார். மேஜர் அவசரமாக, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஆவண நகல் கேட்டு எழுதினோம். வந்தது. அதில்தான் நம் ஆள் பிரம்மச்சாரி.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணே, இதுல உங்களுக்குக் கல்யாணம் ஆவலன்னு போட்டிருக்குது."

"அப்ப இவ யாரு?"

"இவங்களும் இருக்காங்க. அக்கா மகள்னு இருக்குது."

"அக்கா மவதான."

"அதில்லண்ணே, மேல கேளுங்க."

நடந்தது இதுதான். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேரும்போது, தன்னை நம்பி வீட்டில் இருப்பவர்கள் என்று மூன்று பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார்: அம்மா, புருஷனை இழந்த அக்கா, அக்காவின் சின்ன மகள் அஞ்சலை. வருஷங்கள் கழித்து அந்த அஞ்சலையைத்தான் கட்டிக்கொண்டார். நம் பக்கத்தில் இதில் யாருக்கும் புருவம்கூட அசையாது. கல்யாணப் பத்திரிகையை வைத்து லீவு கேட்டிருக்கிறார். அங்கே இருந்த வடக்கத்திக் கிளார்க், மணப்பெண் பேரைக் கோப்பில் தேடினார். 'அக்கா மகள்' என்று கிடைத்தது. மாப்பிள்ளை யார் என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மாமன் அக்கா மகளைக் கட்டுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த மனிதர் காதைப் பொத்தியிருப்பார். 'அக்கா மகளின் திருமணத்தில் கலந்துகொள்ள' என்று லீவு கொடுத்தார். திருமணமாகிவிட்டபடியால் மேற்படி அஞ்சலை, கலியபெருமாளைச் சார்ந்திருப்போர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார் என்று ஆணையும் போட்டார். பட்டாளத்தில் ஆணையில் ஏறியதுதான் நடந்தது, ஏறாதது நடக்கவில்லை. பிறகு பிள்ளைகள் பிறந்தபோது பிள்ளைகளை ஏற்றினார்கள். தாயார் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. கலியபெருமாள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு லாரியில் ஏறியிருக்கிறார்.

"கலந்துகிட்டேன் சார். மாப்ளயா கலந்துகிட்டேன்" என்றார்.

அஞ்சலை அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என்ன யாருக்குக் கட்டிக் குடுத்தாங்களாம்?" என்றார்.

"பேரு போடலக்கா."

"அதயாவது போட்டிருக்கலாம். எப்பிடி இருக்கறாருன்னு ஒரு எட்டு போயி பார்த்துட்டு வந்திருப்பேன்."

கலியபெருமாள்கூடச் சிரித்துவிட்டார். மேஜர் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றினார். கலியபெருமாளுக்குச் சிறுநீரகம் கெட்டு, மாதத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கழிந்துகொண்டிருந்த காலம் அது. இந்தத் திருத்தத்துக்கு அவரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் இருக்கும்வரை இது நாலு வரிக் கடிதம். அவர் இல்லை என்றால் அஞ்சலை அக்கா சர்க்காருக்கு யாருமில்லை. குடும்ப ஓய்வூதியம் கிடையாது, ராணுவ ஆஸ்பத்திரி கிடையாது, கோர்ட் படிதான் உண்டு.

ஆனால் கோப்பு ஒரு நேரத்தில் ஒரு மேசையில்தான் இருக்கும். பதக்கத்துக்கு ஒரு பிரிவு, குடும்பத்துக்கு ஒரு பிரிவு. இரண்டு மனுவையும் சேர்த்து அனுப்பினால், கோப்பு மற்றப் பிரிவில் இருக்கிறது என்று இரண்டுமே திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கலியபெருமாள் பதக்கம்தான் முதலில் என்று பிடிவாதம் பிடித்தார்.

"மெடலு வந்தா எங்க குத்துவீங்க மாமா? ஆஸ்பத்திரி போர்வயிலயா?" என்றார் அக்கா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கல்யாணத் திருத்த மனுவில் கையெழுத்துப் போட்டார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. அதைப் படித்த அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. கணவனும் மனைவியும் சட்டப்படி மணந்துகொள்ளக் கூடாத உறவில் இருப்பதாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட திருமணம் இவர்கள் சமூகத்தில் வழக்கம்தான் என்பதற்குத் தகுதியுள்ள அதிகாரியின் சான்றிதழை இணைக்கவும் என்று கேட்டிருந்தார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று மேஜர் சொன்னார். வழக்கம் இருந்தால் செல்லுமாம். வழக்கம் இருப்பதை யார் எழுதித் தருவது?

தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர், ஏதோ சாப்பாட்டுக் கடையில் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னார். "சாதி இருக்குது, வருமானம் இருக்குது, வாரிசு இருக்குது. வழக்கம் இல்ல சார்."

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்ங்க."

"எனக்கும் தெரியும். எம் பொண்டாட்டியே எங்கக்கா மவதான். அதுக்கு எங்கிட்டயே சர்டிபிகேட்டு இல்ல. உங்களுக்கு எங்கேர்ந்து குடுப்பேன்?"

அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதற்கு ஒரு முத்திரை வாங்கி வா என்று அனுப்பியவர்கள் மேல்தான் வந்தது. திரும்பி வந்து ஆத்திரத்தில் ஒரு பக்கம் எழுதினேன். மேஜர் அதைக் கொட்டாவி விட்டபடியே படித்து முடித்து, மடித்துத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். "இது நல்லா இருக்கு. இத நாம வச்சிக்குவோம்" என்றார். பிறகு, கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் பதியச் சொன்னார். பதிவுச் சான்றிதழ் இருந்தால் வழக்கத்தைப் பற்றி யாரும் கேட்க முடியாது.

பதிவுக்கு நானும் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு இளம் ஜோடி, மாலையோடு, வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் இவர்களைப் பார்த்து, "தாத்தா, உங்களுதும் லவ் மேரேஜா?" என்று கேட்டது.

"இல்லம்மா. அக்கா பொண்ணு. ஓடித் தப்பிக்க எடமே குடுக்கல" என்றார் கலியபெருமாள்.

"பட்டாளம் வரைக்கும் ஓடிப் பார்த்தாருல்ல" என்றார் அக்கா.

இயந்திரத்தில் ரேகை வைக்கச் சொன்னார்கள். கலியபெருமாளுடையது உடனே விழுந்தது. அக்காவுடையது விழவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இந்தக் கை, அந்தக் கை. வாழ்நாள் முழுக்க ஈரக் களிமண்ணைத் தேய்த்துத் தேய்த்து, பொம்மைகளோடு சேர்ந்து விரலும் வழவழப்பாகிவிட்டது. நம் ஊரில் இது பாதிப் பெண்களுக்கு இருக்கிற தொல்லை. ரேஷன் கடையிலும் இதே கதைதான். எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். தேய்த்தார். விழவில்லை. "என் ரேகையெல்லாம் எவன் வூட்டு பொம்மையிலயோ இருக்குது, போயி எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார். கடைசியில் இடது சுண்டுவிரல் காப்பாற்றியது. அந்தச் சுண்டுவிரலால்தான் அவர் சட்டப்படி மனைவி ஆனார்.

சான்றிதழை அனுப்பினோம். பதில் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பதக்க மனுவைத் தயார் செய்தோம். அதற்கு நேரில் பார்த்த சாட்சி வேண்டும். அன்று லாரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மங்கலம்பேட்டை ஜமால் பாய். பட்டாளத்துக்குப் பிறகு கல்ஃபிலும் டிரைவராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். ரத்தக் கொதிப்புக்காரர், மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "குண்டு மொதல்லயா, பள்ளம் மொதல்லயான்னு என்ன கேளுங்க. குண்டு உழலன்னா நாங்க எதுக்குய்யா பள்ளத்துக்குப் போறோம், குளிக்கவா?" நோட்டரி வக்கீல் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினோம். அது ஆறு மாதம் செல்லும். சத்தியத்துக்கும் பிஸ்கட் பாக்கெட் மாதிரி கெடு வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆவண அலுவலகத்தின் பதில் வந்தது. அஞ்சலை, மனைவி என்று ஏற்றிவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லோருக்கும் டீ சொன்னேன். அடுத்த வரியைப் பிறகுதான் பார்த்தேன். திருமணத் தேதி என்ற இடத்தில், பதிவு செய்த தேதியைப் போட்டிருந்தார்கள். சுண்டுவிரல் வைத்த தேதி.

கலியபெருமாளும் அக்காவும் வந்தார்கள். படித்துக் காட்டினேன். அக்காதான் முதலில் கேட்டார்.

"அப்ப போன மாசந்தான் எனக்குக் கல்யாணம் ஆச்சா?"

"அப்பிடித்தான் போட்டிருக்காங்கக்கா."

"அப்ப இத்தினி வருசமா நான் அவரு வூட்ல யாரு? எம் புள்ளைங்க யாரு?"

மேஜர்தான் நிதானமாகச் சொன்னார்: நாளைக்கு எந்தச் சலுகைக்கும் இந்தத் தேதியே போதும், அதில் குறை வராது. தேதியைத் திருத்தக் கேட்டால் கோப்பு மறுபடியும் அதே மேசைக்குப் போகும். பதக்க மனு நிற்கும். ஜமால் பாயின் பத்திரம் கெடு தாண்டிவிடும். இப்போது பதக்கத்தை அனுப்பலாம், தேதியைப் பிறகு பார்க்கலாம்.

அக்கா, "அவரு மெடல அனுப்புங்க" என்றார். எங்களைப் பார்க்காமல் சொன்னார்.

கலியபெருமாள் எழுந்தார். காலை இழுத்து இழுத்து என் மேசைக்கு வந்து, அங்கே தயாராக இருந்த பதக்க மனுவை எடுத்து இரண்டாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தேதிய மாத்துங்க சார்."

"அண்ணே, ஜமால் பாய் பேப்பரு செல்லாமப் போயிடும்ணே. அவரு ஒடம்பும் சரியில்ல."

"தெரியும் சார். எங்கூட பள்ளத்துல உழுந்தவன், இதுக்கா கோச்சிக்கப் போறான்? குடிகாரன்னா அது என்னய சொல்றது. நான் கேட்டுட்டுப் போறேன். இது இவளத்தான சொல்லுது."

தேதிக்கு என்ன ஆதாரம் காட்டுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடந்த கோயிலில் சீட்டெல்லாம் கிடையாது. பத்திரிகையை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. மேஜர் அந்தப் பழைய நகலைக் கேட்டு வாங்கினார். நீக்கல் ஆணையில் விரலை வைத்தார். நாலு வரி சொன்னார், நான் அடித்தேன். 'உங்கள் ஆணைப்படி மேற்படி பெண்ணுக்கு இந்தத் தேதியில் திருமணம் நடந்துள்ளது. மணமகன் யார் என்று உங்கள் ஆணையில் இல்லை. எங்களிடம் உள்ள தகவல்படி அவர் ஹவில்தார் கலியபெருமாள். வேறு யாராவது என்றால் தெரிவிக்கவும்.' அதை அவர் கொட்டாவி இல்லாமல் படித்தார். இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

அதற்கும் உடனே மசியவில்லை. நகலில் சான்றொப்பம் மங்கலாக இருக்கிறது என்று ஒரு தடவை திருப்பினார்கள். எங்கள் முந்தைய கடிதத்தைப் பார்க்கவும் என்று ஒரு தடவை எழுதினார்கள். அந்த முந்தைய கடிதத்தை அவர்கள் அனுப்பவே இல்லை. ஆனால் கடைசியில் வந்தது. உண்மையான தேதி, உண்மையான வருஷம், பிள்ளைகளுக்கு நேரே தாயார் பெயர். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கொண்டுபோய்ப் படித்தேன். கலியபெருமாள் மனைவியைப் பார்த்து, "சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

"நாளு சரி. முகூர்த்த நேரம் உட்டுட்டாங்க" என்றார் அக்கா.

பிறகு பதக்க மனுவைப் புதிதாக அடித்து அனுப்பினோம். உறுதிமொழிப் பத்திரம் கெடு தாண்டியது, புதிதாக இணைக்கவும் என்று திரும்பி வந்தது. அதற்குள் ஜமால் பாய்க்குப் பக்கவாதம் வந்து வாய் கோணி, பேச்சு போயிருந்தது. நோட்டரியை அவர் வீட்டுக்கே அழைத்துப் போனேன். ஜமால் பாய் கையால் குண்டு விழுவதைக் காட்டினார், வண்டி சாய்வதைக் காட்டினார், எங்களைப் பார்த்து அழுதார். வாயால் சொல்லாமல் முத்திரை போட முடியாது என்று நோட்டரி சொல்லிவிட்டார். தொடையின் எக்ஸ்ரேயை வைத்து அனுப்பினோம். உள்ளே உலோகம் தெரிகிறது, அது எங்கிருந்து வந்தது என்று எக்ஸ்ரே சொல்லவில்லை என்று பதில். அந்த ஆடியில் கலியபெருமாள் போய்விட்டார். சம்பந்தி வந்து, தலைமாட்டில் நின்று வாய்விட்டு அழுதார். அதைப் பார்த்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு அஞ்சலை அக்கா மாடியேறி வந்தார். மஞ்சள் பையிலிருந்து அந்த மடித்த மனுவை எடுத்து என் மேசையில் வைத்தார். "இத நான் போடலாமா சார்?"

இறந்த வீரருக்காக ஆவணத்தில் உள்ள மனைவி மனுப் போடலாம். போடலாம் என்றேன். சாட்சி இல்லை, அதனால் தேறுவது கஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். எழுதச் சொன்னார். எழுதினேன், நான் ஓய்வு பெறுவதற்கு முன் அனுப்பிய கடைசி மனு அதுதான். காலாவதியான பத்திரத்தையும் எக்ஸ்ரேயையும் சேர்த்தே வைத்தேன். மேஜர் ஒரு கோடுகூடக் கிழிக்காமல் ஒப்பமிட்டார்.

பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் கடைவீதியில் அக்காவைப் பார்த்தேன். பீங்கான் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தார்; முழங்கை வரை வெள்ளை.

"வந்துதா சார்?"

"இல்லக்கா. வந்தாலும் மாட்டேன்னுதான் எழுதுவாங்கன்னு தோணுது."

"மாட்டேன்னு எழுதினாலும் எம் பேருக்குதான வரும்?"

"ஆமாங்கக்கா. உங்க பேருக்குத்தான்."

"என்னான்னு போட்டு?"

"ஹவில்தார் கலியபெருமாள் மனைவின்னு போட்டு."

"அப்ப வரட்டும்" என்றார்.